வரைபடத்தில் இல்லாத உஷாராணி

திருச்செல்வம் ராஜதந்திரி ஆகிவிடுவது என்று முடிவெடுத்தார்.

துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரான் வீட்டு ஹாலில், சாமி காலண்டரை மறைத்துக்கொண்டு, யார் யார் எந்தப் பக்கம் என்று பெயர் குறித்த அவருடைய வரைபடம் தொங்கியது. துறைமுக வரிசையில் காயாமல் கண்டெய்னர் ஏற்ற எத்தனை மணிக்கு லோரி எடுக்கலாம் என்று சொல்லும் மென்பொருள் அவர் ஆரம்பித்தது. ஆறு வருட உழைப்பு. அதன் நிரலை யாரும் எடுக்கலாம், மாற்றலாம் என்று திறந்தே வைத்திருந்தார். இனிமேல் பூட்டப்போகிறார். தலைநகரத்துப் பங்சார் கம்பெனி ஒன்று அவரோடு சேர்த்து அதை எடுத்துக்கொண்டு, அவரைத் தலைவராக்குவதாகச் சொல்லியிருந்தது. ஒரே நிபந்தனை, லோரிக்காரர்களும் கூடவே வரவேண்டும்.

"களத்தைப் பாக்கணும் உஷா. யார் எங்க நிக்கிறான், எங்க நகருவான்னு தெரிஞ்சாதான் காய் நகத்த முடியும்."

மனைவி உஷாராணி வெங்காயம் உரித்தபடி சுவரைப் பார்த்தாள். "நான் எங்கங்க நிக்கிறேன்?"

"நீ வீட்டு ஆளு லா. உன்னை எதுக்கு மேப்ல போடணும்?"

"ஆறு வருசமா வாட்சப்ல லோரிக்காரங்களுக்குப் பதில் சொல்றது யாரு? அவங்க சொன்ன கோளாறையெல்லாம் உக்காந்து சரிபண்ணது யாரு?"

"அதெல்லாம் சில்லறை வேலை. இது ஸ்ட்ராட்டஜி. பூட்டிட்டா அவங்களுக்குப் போக இடமே இல்ல!"

"சரிங்க," என்றாள்.

பெண்டாட்டி வெறும் 'சரிங்க'வோடு நிறுத்தினால் கட்டினவன் பயப்படவேண்டும். திருச்செல்வமோ பங்சார் ஆபீசுக்குப் போட்டுப்போகச் சட்டை தைக்கக் கொடுத்தார்.

திங்கள் காலை பூட்டினார். மத்தியானம் லோரி முதலாளி ரெங்கசாமி போன் செய்தார்.

"பாஸ், நாங்க எல்லாரும் அக்காகிட்ட மாறிட்டோம். பூட்டுறதுக்கு முன்னாடியே அவங்க அப்படியே காப்பி எடுத்து, தனியா நடத்துறாங்களே. உங்களுக்குத் தெரியாதா?"

குற்றம் சொல்லவும் வழியில்லை. யாரும் எடுக்கலாம் என்று எழுதிவைத்தவர் அவரேதான். பங்சாரில் அதன்பிறகு யாரும் போனை எடுக்கவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா உஷா?"

"நான் எங்க நிக்கிறேன்னு கேட்டேனேங்க."

 அவருக்குக் கண் கலங்கியது. சாக்குச் சொல்ல வீட்டில் வெங்காயம்கூட மிச்சமில்லை.

மறுநாள் மானத்தை விட்டு, அவளுடைய பிரதியில் 'நிறுவனர்: திருச்செல்வம்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி விண்ணப்பம் அனுப்பினார். உடனே தானியங்கிப் பதில் வந்தது. ஆறு வருடத்துக்கு முன் புதுமுகங்களுக்கென்று அவர் கைப்பட எழுதிவைத்த அதே பதில்.

'புதியவரே, வருக! முதலில் எழுத்துப்பிழை திருத்திப் பழகுங்கள். பெயர் போடுவதைப் பிறகு பார்ப்போம்.'