சட்டை சார் கொடுத்த போஸ்

மைசூரில் சட்டையைக் கழற்றாமல் குளித்த ஒரே மனிதர் எங்கள் சட்டை சார்தான். எந்தக் கோர்ட்டில் கேட்டாலும் வந்து சாட்சி சொல்வேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஆபீஸ் வேலையாக மைசூர் வந்து, மாத வாடகை லாட்ஜ் ஒன்றில் தங்கியிருந்தேன். அடுத்த அறைக்காரர் அவர். ஊர் மார்டள்ளி, கர்நாடக எல்லையோரத் தமிழ்க் கிராமம். தினமும் நஞ்சன்கூட்டுக்கு பஸ் ஏறி, ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர் வேலை பார்த்துவிட்டு வருவார். நல்ல உயரம், கனத்த உடம்பு. காலையில் முழுக்கைச் சட்டையோடு பாத்ரூமுக்குள் போவார். சொட்டச் சொட்ட அதே சட்டையோடு வெளியே வருவார். ஏப்ரலில் கரண்ட் போனால் நாங்கள் வெற்றுடம்போடு மாடி வராந்தாவில் காற்றுக்கு அலைவோம். அவர் கழுத்துப் பித்தான்வரை மாட்டிக்கொண்டு ஓரமாக நிற்பார்.

"ஏன் சார், ஜ்வரவா?" என்று காய்ச்சலா எனக் கன்னடத்தில் கேட்பார் லாட்ஜ் ஓனர்.

"இல்லீங்க, குளிருது" என்பார், நெற்றியில் வியர்வை வழிய.

ஒருமுறை கல்யாணத் தரகர் ஜாதகத்தோடு வந்தார். பெண் யார், என்ன படிப்பு, எதையும் இவர் கேட்கவில்லை. "தாலி கட்டறப்ப மாப்பிள்ளை சட்டை போட்டுக்கலாமுங்களா?" என்று மட்டும் கேட்டார். தரகர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனவர்தான். நாங்கள் ஒரு வாரம் சிரித்தோம். அவரும் சேர்ந்து சிரித்தார். அதற்கப்புறம் வராந்தாப் பக்கமே வரவில்லை.

பிறகு ஞாயிறுதோறும் தலைசீவிக் கிளம்ப ஆரம்பித்தார். காதல்தான் என்று லாட்ஜே முடிவு கட்டியது. ஒரு சனிக்கிழமை என் கதவைத் தட்டினார்.

"நாளைக்கு ஒரு ஓவிய எக்ஸிபிஷனுங்க சார். நீங்க மட்டும் வாங்க."

ஓவியம் படிக்கும் மாணவர்கள் நடத்தியது. உடம்பில் எதை வெளியே காட்டக் கூச்சமோ அதையே காட்டி உட்கார்ந்தவர்களின் படங்கள். அம்மைத் தழும்பு முகம், போலியோவில் சூம்பிய கால், பிரசவத்தில் வரியோடிய வயிறு. கடைசிச் சுவரில் சட்டை சார், சட்டையில்லாமல். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மார்பு பெண்களுக்குப் போலப் பெருத்துச் சரிந்திருந்தது.

பக்கத்தில் நின்ற நிஜ சட்டை சார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பள்ளிக்கூடத்துல பசங்க இதுக்கு ஒரு பேரு வெச்சானுங்க. அன்னைக்குப் போட்ட சட்டைங்க சார்."

"இங்க மட்டும் எப்படி சார்?"

"நோட்டீஸ் பாத்துத்தான் போனேனுங்க. வரைஞ்ச பொண்ணு கழட்டச் சொல்லவே இல்லீங்க. மொத வாரம் சட்டையோட உக்காந்தேன்; சட்டையை வரைஞ்சுச்சு. அடுத்த வாரமும் சட்டையைத்தான் வரைஞ்சுச்சு. அதுக்கடுத்த வாரம் எனக்கே புழுக்கமாப் போச்சுங்க."

அப்போது இரண்டு கல்லூரிப் பையன்கள் படத்தைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்தார்கள். சட்டை சார் நேரே அவர்களிடம் போனார்.

"அது நானே," என்றார் கன்னடத்தில். "ஹேகிதீனி?"

எப்படி இருக்கிறேன் என்று படமே கேட்டால் பையன்கள் என்ன செய்வார்கள்? ஒருவன் திணறி, "கலர் சென்னாகிதே அங்கிள்" என்றான். கலர் நன்றாக இருக்கிறதாம்.

"கலரு என் சொந்தக் கலருங்க!" என்று என் பக்கம் திரும்பித் தமிழில் பெருமைப்பட்டார்.

மத்தியானத்துக்கு மேல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பியை வரச் சொல்லியிருந்தேனுங்க. பஸ் கிடைக்கல போல."

மார்டள்ளி பஸ்ஸெல்லாம் எப்போதோ வந்துபோயிருக்கும். அவரைத் தேடி யாரும் வரவில்லை. ஹாலைப் பூட்ட வந்த வாட்ச்மேனிடம், இன்னும் கொஞ்ச நேரம் என்று கெஞ்சினார்.

நான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் அந்த ஊரில் வேறு யாரும் இல்லை. இருந்திருந்தாலும் அன்றைக்கு எழுந்து போயிருக்க மாட்டேன்.