கஞ்சி போட்ட பாயில் கடற்பயணம்

முகாம்: மகாபலிபுரம்
27-5-1968, திங்கட்கிழமை

மதிப்பிற்குரிய மச்சான் ராஜகோபால் அவர்கள் சமூகத்துக்கு, காஞ்சிபுரம் வீரபத்திரன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும், உங்கள் தங்கை கங்கையம்மாளும், உங்கள் மகள் ரேணுகாவின் முகூர்த்தப் புடவையும், உங்கள் படகும் சௌக்கியம். சதுரங்கப்பட்டினத்தில் கல்யாண வேலை தடபுடலாக நடக்கும் என்று நம்புகிறேன்.

சீமைக்குக் கிளம்பிய வெள்ளைக்காரத் துரையிடம் நீங்கள் வாங்கிய பாய்மரப் படகை ராயபுரத்திலிருந்து நானே ஓட்டிவந்து, வெள்ளிக்கிழமை முகூர்த்தத்துக்குப் புடவையோடு இறங்குகிறேன் என்றபோது, "தறியில குந்தினு இருக்கறவருக்குப் படகு இன்னாத்துக்கு மாப்ள?" என்று சபையில் சிரித்தீர்கள். இப்போது சிரியுங்கள் பார்ப்போம்.

பாய் தொளதொளவென்று கிடந்தது. கஞ்சி போடாமல் பாவு நூலைத் தறியில் ஏற்றுவோமா? நேற்று விடியற்காலையில் தெருவில் இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி இரண்டு பூச்சு கொடுத்துக் காயவிட்டேன். கூட வருவதாக இருந்த படகோட்டி முனிசாமி அதைத் தட்டிப் பார்த்து, "இன்னா சார், பாயை அப்பளமாக்கி வெச்சிக்கீற! இத்த எறக்கவும் முடியாது, திருப்பவும் முடியாது. நா வரலபா" என்று போய்விட்டார். பொறாமைதான், வேறென்ன?

படகு வாலாஜாபாத் பஸ்ஸைவிடச் சொகுசு. உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், உட்காரத்தான் முடியாது. சுக்கான் சொன்ன பேச்சைக் கேட்கிறது. நான் ஒன்றும் சொல்லாதபோதும் அதுவாகவே போகிறது. காற்று பின்னாலிருந்து தள்ள, பாய் கதவு மாதிரி நிற்க, காக்கைகள் கஞ்சிக்காகக் கூடவே வர, மெரினா எப்போது வந்து போனதென்றே தெரியவில்லை, அவ்வளவு வேகம். கங்கை மட்டும், "தெக்கால போறதுன்னா கரை சோத்தாங்கைப் பக்கந்தானே இருக்கணும்? பீச்சாங்கைப் பக்கமா வருதே?" என்றாள். "நீ பின்னாடி பாத்துக்கினு குந்தினு கீற, அதான்" என்றேன். அவள் முன்னால் திரும்பி உட்கார்ந்து, ஏதோ சொல்ல வாயெடுத்தாள். குமட்டல் வந்து விட்டுவிட்டாள்.

நேற்றுச் சாயங்காலமே கலங்கரை விளக்கம் தெரிந்தது. பாய் இறங்காததால் படகே மணலில் ஏறி நின்றது, நங்கூரம் தேவைப்படவில்லை. முப்பது வருஷமாக என் காலுக்குக் கீழே தறிக்குழிதான், இப்போது கடல். எனக்கு ரொம்பச் சந்தோஷம் மச்சான்.

ஆகவே புதன்கிழமை காலை, சிரித்த சபையை மேளத்தோடு துறைக்கு அழைத்துவரவும். பெரியவர்களுக்கு என் நமஸ்காரம். ரேணுகா என் புடவைச் சாயம்போல வெளுக்காமல் வாழ என் ஆசி.

இப்படிக்கு,
வீரபத்திரன்

பின்குறிப்பு: தபாலாபீசில் கடிதத்தைப் பார்த்து, "இது பழவேற்காடு சார், மெட்ராஸுக்கு வடக்கால இருக்குது" என்கிறார்கள். இங்கேயும் ஒரு கலங்கரை விளக்கம் வைத்திருக்கிறார்கள். தபால் முத்திரையைச் சபையில் காட்ட வேண்டாம். கங்கை புடவையை மடியில் வைத்துக்கொண்டு பொன்னேரி பஸ் ஏறிவிட்டாள். இக்கடிதத்துக்கு முன்பே வந்து எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள். நானும் பஸ்ஸில் வந்தால் நீங்கள் சிரிப்பீர்கள். தெற்கே தள்ளும் காற்று ஐப்பசியில்தான் வருமாம். ரேணுகாவின் தலைதீபாவளிக்குப் படகிலேயே வந்து இறங்குகிறேன். மேளத்தை அதுவரை நிறுத்திவைக்கவும்.