மெட்ராஸுக்கு அனுப்புகிறவர்

திண்டுக்கல்லில் பூட்டுக்கு அடுத்தபடி அதிகமாகக் கிடைப்பது என்ன தெரியுமா? மெட்ராஸுக்கு அனுப்புகிறவர். தன் செலவில் அவர் யாரையும் பக்கத்திலிருக்கும் பேகம்பூர் வரைகூட அனுப்பியதில்லை. ஆனால் உங்கள் பிள்ளை ஒரு பாட்டை முணுமுணுக்கட்டும், சுவர் ஏறிக் குதிக்கட்டும், சும்மா பல் தெரியச் சிரிக்கட்டும். எங்கிருந்தோ வந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்து, "இத இங்கன வச்சிருக்கக் கூடாதுப்பா, மெட்ராஸுக்கு அனுப்பணும்" என்று சொல்லி, உங்கள் காப்பியையும் குடித்துவிட்டுப் போய்விடுவார். அப்புறம் அந்த வீட்டில் நிம்மதி ஏது?

எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் சேதுபதி. அவருடைய பக்கத்து வீட்டு சுப்புத்தாயின் மகள் பொன்னழகுக்குப் பினாங்கிலிருந்து வந்த தாய்மாமன் ஒரு சக்கர ஜோடு கொடுத்தார். அதைக் காலில் மாட்டிக்கொண்டு, கடலை காயப்போடும் சிமெண்டுக் களத்தில் அவள் ஒற்றைக் காலில் பம்பரமாகச் சுற்றினாள். தலை கிறுகிறுத்து விழுந்தாள். விழுந்த இடத்திலேயே புரண்டு புரண்டு சிரித்தாள். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சேதுபதி பார்த்தார். போச்சு!

மறுநாளே திட்டம் தயார். ஐந்தாண்டுத் திட்டத்தில்கூட அத்தனை கெடுபிடி கிடையாது. சிறுமலை வாழைப்பழம் கூடாது, உடம்பு கனத்துவிடும். சிரிக்கக் கூடாது, மூச்சு வாங்கும். விருந்தாளி வந்தால் பாதிச் சோற்றில் எழுந்து சுற்றிக் காட்ட வேண்டும். விழுந்தாலோ, "மாமா மானமே ஒன் கால்லதான் இருக்கு தாயி" என்று சேதுபதியிடமிருந்து ஒரு பெருமூச்சு. ஜோட்டைக் கண்டாலே பிள்ளையின் முகம் சுண்டியது.

பொங்கலுக்கு மெட்ராஸிலிருந்து யாரோ பிரமுகர் ஊருக்கு வந்தார். விடுவாரா சேதுபதி? களத்தைச் சுற்றிக் கூட்டம் கூட்டிவிட்டார். கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்கே பயம் வந்துவிட்டது: இத்தனை கண்ணும் பிள்ளை மேல் படுமே! ஒரு பூசணிக்காயில் குங்குமத்தைக் கொட்டி, அவளுக்குத் திருஷ்டி சுற்றி, ஓங்கி உடைத்தார். எங்கே? களத்தின் நட்டநடுவில்.

"என்னண்ணே, புள்ள சுத்துற எடத்துல?" என்று பதறினாள் சுப்புத்தாய்.

"கண்ணு படுற எடத்துலதான ஒடைக்கணும்!"

"அப்ப கூட்டித் தள்ளவா?"

"திருஷ்டி கழிச்சதத் தொடலாமா? கைய வைக்காத!"

சாறும் விதையும் சிமெண்டெங்கும் வழிந்து பரவின. ஜோடும் காலுமாகப் பொன்னழகு களத்தின் ஓரத்தில் நின்றாள். பிரமுகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "செத்த நேரம் பொறுங்க சார்" என்று அவரை நோக்கிப் பாய்ந்த சேதுபதி, பூசணியில் கால் வைத்தார். ஆகா! ஒரு கால் மேலே, வேட்டி ஒரு பக்கம், துண்டு ஒரு பக்கம், முழுசாக ஒரு சுற்றுச் சுற்றி, பிரமுகரின் காலடியில் போய் உட்கார்ந்தார்.

"மாமா, ஒத்தக் கால்லயே சுத்திட்டீகளே!" என்று பொன்னழகு சிரித்தாள். எத்தனை மாதத்துச் சிரிப்பு! அவள் நிறுத்துவதற்குள் பிரமுகரின் கார் போயே போய்விட்டது. மறுநாள் காலையில், யாரும் கூப்பிடாமல், யாரும் பார்க்காமல் அவள் களத்தில் சுற்றினாள், விழுந்தாள், சிரித்தாள்.

அப்புறம்? பெரிய பரிசு ஏதாவது வாங்கினாளா, பேர் எடுத்தாளா என்றுதானே கேட்க வந்தீர்கள்? அவள் சிரித்தாள் என்றேனே, அது போதவில்லையா உங்களுக்கு? அப்படியானால் ஓர் உதவி செய்யுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை இப்போது ஏதோ விளையாடிக்கொண்டிருக்கும். தயவுசெய்து அந்தப் பக்கம் பார்க்காதீர்கள்.