வடக வழக்கும் வக்கீல் சீட்டும்

சாங்வி, புனே
ஏப்ரல் 21

மதிப்பிற்குரிய ரவிசந்திரன் மச்சானுக்கு, துரைசாமி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. திருப்பூரில் தாங்களும் அக்காவும் சௌக்கியம் என்று நம்புகிறேன். இங்கே மூவரும் உடம்பால் சௌக்கியம்; பேச்சுவார்த்தைதான் இல்லை. தபாலில் போட்டால் வெள்ளிக்கிழமைக்குள் சேராது என்று இதைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன்.

விஷயம் என்னவென்றால், இங்கே ஒரு சட்டக் கல்லூரியில் பதினொன்றாவது படிக்கும்போதே கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து, ஐந்து வருட வக்கீல் படிப்புக்கு இடம் ஒதுக்கி வைக்கிறார்கள். நம் பார்கவி பரீட்சையில் தேறிவிட்டாள். அடுத்து, அக்கம்பக்கத்தில் நிஜமாக நடக்கும் ஒரு தகராறில் வாதாடி, அதற்குச் சாட்சிக் கடிதம் வாங்கிவர வேண்டும். தகராறுக்கு எங்கே போவது என்று பிள்ளை முழித்தது. நான்தான் மச்சான், இந்த வாயால்தான் சொன்னேன்: "உங்கம்மாவோட வடகக் கேஸ் இருக்குதல்ல கண்ணு!"

உங்கள் தங்கை லலிதா வருஷா வருஷம் மொட்டை மாடியில் கூழ் வடகம் பிழிந்து காயவைப்பாள், வடகத்துக்குக் காக்கா வரும், காக்கா வந்தால் அங்கேயே காயும் பக்கத்து வீட்டுக் குல்கர்னி அம்மாளின் வெள்ளைத் துணி என்ன கதியாகும் என்று நான் எழுத வேண்டியதில்லை, அந்தம்மா எங்கள் குடியிருப்பு சொசைட்டியில் புகார் கொடுத்து ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டார்கள், நான் ஓவர்டைமை விட்டுவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்தேன், லலிதா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு எல்லோருக்கும் ஒரு தூக்கு நிறைய வடகம் பொரித்துக் கொண்டுவந்தாள், பார்கவி எழுந்தாள், நேரே போய்க் குல்கர்னி அம்மாள் பக்கத்தில் நின்றாள்! "நமக்குப் பிடிக்காத பக்கம் வாதாடினாத்தான்ப்பா மார்க் ஜாஸ்தி" என்று என் காதில் சொல்லிவிட்டு மராத்தியில் வெளுத்து வாங்கினாள். காக்கா எச்சத்தை போட்டோ எடுத்துத் தேதி போட்டு வைத்திருக்கிறாள் மச்சான்! அத்தனை பேரும் நம் வடகத்தை மென்றுகொண்டே கை தூக்கி, மாடியில் இனி வடகம் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். செகரட்டரி அங்கேயே சாட்சிக் கடிதம் எழுதிக் கொடுத்தார். எனக்கு ஒரு பக்கம் பெருமை தாங்கவில்லை, இன்னொரு பக்கம் லலிதாவைத் திரும்பிப் பார்க்கப் பயம்.

அன்றிலிருந்து தாயும் மகளும் பேசுவதில்லை. விண்ணப்பத்தில் அப்பா, அம்மா இருவரும் கையெழுத்துப் போட வேண்டும், வெள்ளிக்கிழமை கடைசி நாள். "பெத்தவளையே சபையில தோக்கடிச்சவளுக்கு நான் கையெழுத்துப் போடோணுமாக்கும்? பி.காம். படிக்கட்டுமுங்க" என்கிறாள். பிள்ளை தாளைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நிற்கிறது. கட்கி ஃபேக்டரியில் மேலதிகாரி முன்னால் வாயைத் திறக்காமல் இருபத்தாறு வருஷம் ஓட்டியவன் நான். என் பொண்ணு நாலு பேர் முன்னாடி நின்னு பேசறா மச்சான்! என்ன ஆனாலும் சரி, இந்த சீட்டை நான் விடமாட்டேன். தாங்கள் மூத்தவர், உங்கள் பேச்சை லலிதா தட்டமாட்டாள். உடனே போன் போட்டு அதட்டுங்கள்.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளை வைஷுவுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
முடிவில் மாறாத,
துரைசாமி

பி.கு. (மறுநாள், அனுப்புமுன்): லலிதாவுக்குப் போன் போட வேண்டாம். கையெழுத்துப் போட்டுவிட்டாள். பார்கவி இன்று காலை தன் அம்மாவுக்கே வக்கீலாகிவிட்டாள். தீர்மானத்தில் மாடி என்றுதான் இருக்கிறதாம், வீட்டுக்குள் தடை இல்லையாம், நம் வீட்டில் வெயில் விழுவது என் கட்டில்மேல் மட்டும்தானாம். நான் ஆட்சேபித்து, இரண்டே நிமிஷத்தில் தோற்றேன். என் மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டு, கட்டிலில் வடகம் காய்கிறது. இப்போது கையெழுத்துப் போடாமல் இருப்பது நான்தான், போடுவதாகவும் இல்லை. ஆகவே பார்கவிக்குப் போன் போட்டு, பி.காம். நல்ல படிப்பு என்று தாங்களே எடுத்துச் சொல்லவும். நான் சொன்னால் பதில் பேசுகிறாள்.