ஒழுகலுக்கு ஒரு வாழ்த்துப்பா

மூன்றாவது சொட்டும் சரியாக மூக்கின் மேலேயே விழுந்ததும், மதியத் தூக்கம் கலைந்து எழுந்த மிளகாய் கூரையைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். மிளகாய் என்பது கிடங்கில் மூட்டை தூக்கும் கூட்டாளிகள் வைத்த பெயர். முதலாளியிலிருந்து மூட்டை வரைக்கும் யார்மேல் வேண்டுமானாலும் எரிந்து விழுவார்.

"கூரையைத் திட்டினா மேல உடைஞ்ச குழாய் அடைஞ்சுக்குமா?" மனைவி சொட்டுக்குக் கீழே வாளியைக் காலால் தள்ளினாள். "அடுத்த மாசம் பொண்ணு கைக்குழந்தையோட வரா. இருக்கறது இந்த ஒரு ரூம். பச்சப்புள்ளைய வாளிக்குள்ளயா படுக்கப் போடுறது?"

"அதான் மனு குடுத்தேனே!"

கொடுத்திருந்தார். தலை நரைத்த பிறகு மாலை வகுப்பில் எழுத்துக் கற்றவர், ஒரு விடுமுறை நாள் முழுக்க மல்லுக்கட்டித் தன் கையாலேயே தமிழில் எழுதிய மனு. குடியிருப்பு அலுவலகத்துப் பியூன் அதை வாங்கி, எட்டாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்கு அண்டைக் கொடுத்தான். மேசை நின்றது. ஒழுகல் நிற்கவில்லை.

"இங்கிலீஷ்ல குடுங்க," என்றாள் மனைவி. " அப்பத்தான் எழுந்து நிப்பாங்க. எதிர்வீட்டுப் பேராசிரியர் சும்மாத்தானே இருக்கார்? காலமெல்லாம் இங்கிலீஷ் கவிதை நடத்தினவராம்."

மிளகாய் போய்க் கேட்டதும் பேராசிரியருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவர் பேச்சைக் கேட்க வீட்டில் ஒரு பூனைகூட இல்லை.

"இங்கிலீஷ் கவிதையோட ஆதியிலேருந்து வருவோம்," என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எழுதினார். பழங்காலத்துப் போர்ப்பாட்டு முறையாம். வரி நடுவில் ஒரு நிறுத்தம். ஒரே ஓசை திரும்பத் திரும்ப வந்து முட்டும். தமிழில் பொருளும் சொன்னார். "குழாய் குமுறக் கூரை குலையக் கட்டில் குளமானது!"

"சார், படியில யாரோ மூட்டைய உருட்டிவிட்ட மாதிரி இருக்கு."

"அதேதான்! அந்தக் காலத்து அழகே அதுதான்!"

மறுநாள் பியூன் அதை உள்ளே அதிகாரியிடம் கொண்டுபோனான். வெளியே வரும்போது அவன் முகமே மாறியிருந்தது.

"அய்யா எழுந்து நின்னே படிச்சாரு. இன்னொண்ணு கொண்டு வரச் சொன்னாரு. அப்புறம், அந்தக் கூரையில நீங்களா கை வைக்கக் கூடாதாம். உத்தரவு."

சிமெண்டு வாங்கித் தானே பூசிவிடலாம் என்று நினைத்திருந்த மிளகாய்க்குக் காது சிவந்தது. "இதுக்குத்தான் மனு குடுத்தேனா?"

"சரியா வரலேன்னா அடுத்த முறைக்குப் போயிடணும்," என்றார் பேராசிரியர். "கவிதை வரலாறே அதுதான். ஒவ்வொரு கூட்டமும் முன்னாடி எழுதினவங்க மேல கோபப்பட்டுத்தான் புதுசா ஆரம்பிச்சது."

"அப்ப அவங்க வீட்லயும் ஒழுகியிருக்கும்."

அடுத்தது பதினான்கு வரிப் பாட்டு. மனம் இரங்காத காதலியிடம் காதலன் கெஞ்சுகிற மரபு என்றார் பேராசிரியர். காதலியின் இடத்தில் அதிகாரியை வைத்திருந்தார்.

"'விண்மீனை ஒத்த விழியாளே, என் கூரையின்மேல் ஒரு பார்வை விழாதா?'"

"யாரு விழியாளு?" மிளகாயின் குரல் ஏறியது. "அந்த ஆளுக்கு மீசை இருக்கு சார்!"

"அது உருவகம்."

"மீசை உருவகம் இல்ல சார், மீசை!"

மனைவி அதட்டியதால் அதையும் கொண்டுபோய்க் கொடுத்தார். அலுவலக நடையில் கிடந்த பெஞ்சில் ஓர் ஆள் கனத்த பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் காலைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். ரொம்ப நேரம் கழித்துப் பியூன் வந்து, "அடுத்தது?" என்றான்.

அடுத்தது ஈரடிப் பாட்டு. இரண்டிரண்டு வரியாக எதுகை வைத்து, ஊசியால் குத்துவதுபோல ஆட்களைக் கிண்டல் செய்கிற காலமாம். அதிகாரியின் நாற்காலி, அதில் அவர் ஊறிக் கிடப்பது, அதிலேயே வேர்விட்டது என்று போனது. மிளகாய் முதல் தடவையாகச் சிரித்தார்.

"இத முதல்லயே எழுதியிருக்கக் கூடாதா சார்!"

மறுநாளே கடப்பாரையோடு இரண்டு பேர் வந்தார்கள். ஒழுகுகிற இடத்தில் நாலு போடு போட்டார்கள். சொட்டிக்கொண்டிருந்தது ஊற்றத் தொடங்கியது. "அய்யா உத்தரவு," என்று சொல்லிவிட்டுக் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

"திட்டினதுக்குப் பழி வாங்கிட்டான்!" மிளகாய் வாளியை எட்டி உதைத்தார். அது நிறைந்த வாளி.

"உங்க வாயும் அவர் பேனாவும் சேர்ந்து இந்தக் குடும்பத்த மூழ்கடிச்சுடும்," என்று தரையைத் துடைத்தாள் மனைவி. "பணிவா எழுதச் சொல்லுங்க."

பேராசிரியர் பணிவாகத்தான் எழுதினார். இயற்கையைப் பார்த்து உருகுகிற காலம் வந்திருந்தது.

"'ஒழுகலே! மலையருவியின் தங்கையே! மூட்டை சுமந்தவன் நெற்றியை முத்தமிடுபவளே! நீ என்றும் வற்றாதிருப்பாயாக!'"

மிளகாய்க்குக் கண் இருட்டியது. "நான் நிறுத்தச் சொன்னா நீங்க வாழ்த்துறீங்களா?"

"உணர்ச்சி வேணும்பா."

"எனக்குத் தூக்கம் வேணும் சார்! ராத்திரி முழுக்க உங்க மலையருவியோட தங்கச்சி என் மேல படுத்திருக்கா!"

அதற்குள் மெத்தை அழுகிவிட்டது. தூக்கி வெளியே போட்டார்கள். பேராசிரியர் கண் கலங்கிப்போய், அடுத்த காலத்துக்கு அது ரொம்பப் பொருத்தம் என்று ஓர் இரங்கற்பா எழுதினார். நீளமான இரங்கற்பா. மறுநாள் அலுவலகத்திலிருந்து ஒரு மலர்வளையம் வந்தது. மெத்தைக்கு.

அதைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்தார் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார்கள். "எப்ப ஆச்சு? நேத்துகூடப் பாத்தேனே," என்றாள் ஒருத்தி. இன்னொருத்தர் நடுவீட்டில் நின்ற மிளகாயையே பார்த்துத் திடுக்கிட்டார்.

கடைசி ஆள் போனதும் மனைவி அழுதேவிட்டாள். "பச்சப்புள்ள வர்ற வீட்டு வாசல்ல சாவு வளையம். நான் பொண்ணுக்குப் போன் பண்ணி வராதேன்னு சொல்லிடறேன்."

பேரப்பிள்ளையை மிளகாய் இன்னும் கையில் வாங்கியதில்லை. பெண்ணின் போனில்தான் பார்த்திருக்கிறார். அது மூக்கைச் சுருக்குவது தன்னைப்போலவே இருக்கிறது என்று கிடங்கு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்துப் பேராசிரியர் ஒரு வெள்ளைத்தாளோடு உள்ளே வந்தார். "இனிமே நவீனம். எதுகை கிடையாது, கணக்கு கிடையாது. படிக்கிறவனுக்குச் சட்டுனு புரியவும் கூடாது."

"இதுவரைக்கும் எந்த எழவு சார் புரிஞ்சுது?"

பேராசிரியர் பேனாவைத் திறப்பதற்குள் கூரைத் தண்ணீர் தாளின் நடுவில் பொத்தென்று விழுந்து பரவியது. மிளகாய் அந்த ஈரத்தாளை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு நடந்தார். நடை இல்லை, ஓட்டம்.

அலுவலகத்தில் தாளை மேசைமேல் அறைந்தார். அண்டைக் கொடுத்திருந்த மேசைகூட ஆடியது.

"இந்தா! இதான் என் மனு! எழுத ஒண்ணும் பாக்கி இல்ல, தண்ணியே எழுதிடுச்சு. கொண்டுபோய் அந்த ஆள்கிட்டக் குடு! நாலு எழுத்துத் தெரிஞ்சுட்டா நாயமும் கிடைச்சுடும்னு நினைச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

பியூன் பயந்துபோய்த் தாளை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது. சத்தமே இல்லை. போலீசைக் கூப்பிடுகிறார்கள் என்று மிளகாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தயாராக நின்றார்.

உள்ளே யாரோ கைதட்டினார்கள். விடாமல் தட்டினார்கள்.

பியூன் வெளியே ஓடிவந்து, பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த ஆளை உலுக்கினான். "எழுந்திருய்யா, முடிஞ்சுது!" அந்த ஆள் கொட்டாவி விட்டபடி பையைத் தோளில் மாட்டினான். உள்ளே இரும்புச் சாமான்கள் கலகலத்தன.

"அப்பாடா, நான்தான் குழாய்க்காரன் அண்ணே, உங்க முதல் இங்கிலீஷ் மனு வந்த அன்னைக்கே கிளம்பிட்டேன், 'ஒழுகல அடைச்சுட்டா பாட்டு நின்னுடும், இங்கிலீஷ் கவிதை இன்னைய காலத்துக்கு வந்து சேர்ற வரைக்கும் இங்கயே படுத்திரு'ன்னு அய்யாதான் பிடிச்சு வச்சுட்டாரு!"