பத்தாயத்தில் ஒரு கை

பதினொன்றரை மணிக்குப் பத்தாயத்திலிருந்து ஒரு கை வெளியே வந்தது. ஜெயசிங் அதில் ஒரு நேந்திரங்காய் சிப்ஸ் வைத்தான். கை உள்ளே போனது. மறுபடியும் வந்தது.

"ஏலே டெனிஷ், இனி வெளிய வந்தாத்தான் தருவேன்."

"உம்" என்றது பத்தாயம். கை நீண்டபடியே இருந்தது.

அது நெல் கொட்டிவைக்கும் ஆளுயர மரப்பெட்டி. மேலே கனத்த மூடி, ஒரு பிள்ளை நுழையும் அளவு திறந்திருந்தது. அடியில் நெல் வடிய ஒரு கையகலத் துளை. பக்கத்தில் 'தொடக் கூடாது' என்ற பலகை.

மாவட்டத்தின் பழைய வீடுகளை ஓடு ஓடாகப் பிரித்துக் கொண்டுவந்து அந்த அருங்காட்சியக வளாகத்தில் திரும்ப நிறுத்தியிருந்தார்கள். சுற்றிலும் உயரமான மதில், ஒரே வாசல். பிள்ளைகள் தொலைய வழியில்லை. அதற்காகத்தான் ஜெயசிங் இங்கே வந்தான்.

இன்று அவனுக்குப் பரீட்சை. மனைவி பெமிலாவுக்குக் குவைத்தில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. "ஒரு நாள் ரெண்டு பிள்ளையளையும் தனியா பாத்துக் காட்டுங்க. பெறவு நான் போலாமா வேண்டாமான்னு முடிவு செய்வோம்" என்றாள்.

ஜெயசிங்குக்குச் சிரிப்பு வந்தது. அவன் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். "நூத்தம்பது பிள்ளையள ஒரு விசில்ல நிறுத்துகவன்ட்டி நான்."

அவனிடம் முறைகள் இருந்தன. முகத்தைத் தேடக் கூடாது, தொப்பியைத் தேட வேண்டும். போன வாரம்தான் சர்ச்சில் விடுமுறை வேதப்பள்ளி முடிந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் மஞ்சள் தொப்பி கொடுத்திருந்தார்கள். காலையில் வீட்டிலிருந்து கார் கிளம்பும்போது கண்ணாடியில் பார்த்தான். பின்சீட்டில் இரண்டு மஞ்சள். "நான் சொல்லுகது வரைக்கும் வாய் தொறக்காத ஆளுக்கு ஐஸ்கிரீம்." வழிநெடுகச் சத்தமே இல்லை. நுழைவுச்சீட்டு வாங்கித் திரும்பியபோது இரண்டு மஞ்சள் தொப்பிகள் முன்னால் ஓடிக்கொண்டிருந்தன. எட்டிப் பிடிப்பதற்குள் ஒன்று பத்தாயத்துக்குள் இறங்கிவிட்டது.

ஏழு வயது ஜின்சி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"தம்பிய ஏன்ட்டி ஏற விட்ட?"

ஜின்சி பலமாகத் தலையை ஆட்டினாள், இல்லை என்று.

"செய்ததும் போதாது, பொய் வேற."

செல்போன் அடித்தது. பெமிலா.

"பிள்ளைய ரெண்டும் என்ன செய்யுது?"

"ஜின்சி பக்கத்துல நிக்கா. டெனிஷ் சிப்ஸ் தின்னுகான்."

"ஓ. வெயிலு கொள்ளாம பாத்துக்கிடுங்க."

"வெயிலே படாத இடத்துலதான் இருக்கான்."

அது உண்மை. ஜெயசிங்குக்குத் தெம்பு வந்தது. பத்தாயத்தின் மேல் ஏறி மூடியை இன்னும் தூக்கினான். பாதியில் கை வழுக்கியது. மூடி படாரென்று விழுந்து, இரும்புக் கொண்டி தானாக மாட்டிக்கொண்டது. இழுத்தான், உதைத்தான். அசையவில்லை.

துளைக்கு வெளியே கை மட்டும் பொறுமையாகக் காத்திருந்தது.

கடைசி ஆயுதமாக விசிலை எடுத்து ஊதினான்.

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு மஞ்சள் தொப்பி வந்தது. பின்னால் இன்னொன்று. பிறகு கூட்டமாக. வேறேதோ சபையிலிருந்து அதே வேதப்பள்ளித் தொப்பியோடு சுற்றுலா வந்த பிள்ளைகள். உயர வரிசையில் அவன் முன் நின்றார்கள்.

"சார், நாங்களும் பெட்டிக்குள்ள ஏறலாமா?"

பதிலுக்குக் காத்திராமல் நாலைந்து பேர் பெட்டிமேல் ஏறினார்கள். போன் மறுபடியும் அடித்தது.

"அங்க என்ன சத்தம்?"

"டெனிஷ் சிரிக்கான்."

"அவன் ஒருத்தனா?"

"சந்தோசம்லா."

"போன அவன்ட்ட குடுங்க."

"இப்பதான்... உறங்கிட்டான். எனக்க தோள்ல கெடக்கான்."

"சிரிச்சிட்டே உறங்கினானா?"

"ஆமா. களைப்பு."

பத்தாயம் இருந்த பழைய வீட்டைப் பார்த்துக்கொள்ளும் முத்துக்கனி கம்பிப்பாரையோடு வந்தாள். "போர்டு வாசிக்கத் தெரியாதா சார்?"

"எனக்க பிள்ள உள்ள இருக்கான்."

அவள் கொண்டியை நெம்பினாள். மூடி திறந்தது. ஒரு மஞ்சள் தொப்பி மெல்ல எழுந்தது. அதன் கீழே ஜெயசிங் இதுவரை பார்த்தேயிராத ஒரு முகம்.

"நீ யாருடே?"

"ஆன்ட்ரூஸ்."

"டெனிஷ்னு விளிச்சதுக்கு ஏம்ல உம் கொட்டின?"

"நீங்க சிப்ஸ் தந்தியல்லா?"

ஜெயசிங் வரிசையில் நின்ற தொப்பிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தான். எதன் அடியிலும் டெனிஷ் இல்லை. குவைத் வேலை கைவிட்டுப் போனது. வாசலை நோக்கி ஓடப் போனவனின் சட்டையை ஜின்சி பிடித்து இழுத்து, தன் வாயைச் சுட்டிக் காட்டினாள்.

"பேசித் தொலைட்டி!"

"ஐஸ்கிரீம் எனக்குத்தானே?"

"உனக்குத்தான். சொல்லு."

"டெனிஷுக்க தொப்பி கார்லயே கெடக்கு டாடி. வீட்டுக்குள்ள மூத்திரம் பெய்யப் போனவன் வாறதுக்குள்ள நீங்க—"

போன் அடித்தது. காதில் வைத்தான்.

"ஒரு ஆளு உங்ககிட்ட பேசணுமாம்" என்றாள் பெமிலா.

போன் கைமாறும் சத்தம் கேட்டது.

"டாடி, நான் உங்க தோள்ல இன்னும் உறங்குகேனா?"