ரெட்டெக்ஸ் ஐயாவும் செல்லாயியின் கூடையும்

எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு இருமல் மருந்து வாங்கப் போய், குரோமோசோம் பற்றித் தெரிந்துகொள்ளாமல் திரும்பி வந்தவர் ஒருவர்கூடக் கிடையாது. இலங்கை மலையகத்தில் கந்தப்பளைக்கு மேலே, பனி இறங்கினால் தொழிலாளர் வீட்டு வரிசையான பக்கத்து லயமே தெரியாத தேயிலைத் தோட்டம் அது. தொண்ணூறுகளின் நடுவில் நான் அங்கே பள்ளிக்கூட டீச்சர். டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்த மனிதருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். எங்களுக்கெல்லாம் அவர் ரெட்டெக்ஸ் ஐயா.

யாழ்ப்பாணத்துக்காரர். கல்யாணம் செய்யாதவர். கொட்டுகிற மழையிலும் டை கட்டுவார். காலில் மட்டும் ரப்பர் செருப்பு. லண்டனில் இருந்த தங்கை, சாக்லேட்டோடு பழைய வைத்தியச் சஞ்சிகைகளையும் கட்டி அனுப்புவாள். சாக்லேட் என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வந்துவிடும். சஞ்சிகையை அவர் வரி வரியாகத் தின்பார். அப்படித் தின்ற ஒன்றில், அல்சைமர் என்ற மறதி வருத்தம், அதாவது மறதி நோய், ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது என்று படித்துவிட்டார். பிடித்தது சனியன்.

"பொம்பிளையள் கூடக் காலம் சீவிக்கினம், அதாலதான் எண்டு சொல்லுறாங்கள். அது மட்டும் காணாது டீச்சர். கலத்துக்குள்ள வேற ஏதோ நடக்குது. நான் விடமாட்டன்" என்றார். நான் தலைவலிக்கு ரெண்டு குளிசை கேட்டு நின்றுகொண்டிருந்தேன்.

அன்றைக்கே மாரியாயி இருமிக்கொண்டு வந்தாள். மலையில் அவளுக்கு இணையாகக் கொழுந்து பறிக்கவும் ஆளில்லை, வாயாடவும் ஆளில்லை.

"இஞ்ச பார் பிள்ளை, ஆம்பிளைக்கு ஒரு எக்ஸ், ஒரு வை. பொம்பிளைக்கு ரெண்டு எக்ஸ்."

"ரெண்டு இருந்தா நல்லதுதானுங்களே ஐயா? ஒண்ணு பழுதானா இன்னொண்ண வச்சுப் பொழச்சுக்கலாமுல்ல?"

ஐயா மருந்துப் போத்தலைக் கீழே வைத்துவிட்டார். "நல்ல கேள்வி! ஆனா ஒண்டை உடம்பு நித்திரையாக்கிப் போடும். அதிலயும் சில துண்டுகள் நித்திரை கொள்ளாமல் முழிச்சிருந்து வேலை செய்யும்."

"எங்க வூட்டுக்காரரு மாதிரி இல்ல போல" என்று சொல்லிவிட்டு, மருந்து வாங்காமலே போய்விட்டாள் மாரியாயி. ரெண்டு எக்ஸ் 'ரெட்டெக்ஸ்' ஆகி, பட்டப்பெயர் அன்று மாலையே எல்லா லயத்துக்கும் போய்ச் சேர்ந்தது.

பிறகு ஆராய்ச்சி தொடங்கியது. ஆண்களுக்கு நீலக் கொப்பி, பெண்களுக்குச் சிவப்புக் கொப்பி. காய்ச்சலோடு வந்தவனையும் காலில் கத்தி பட்டு வந்தவனையும் நிறுத்தி வைத்து, "நேற்று ராத்திரி என்ன கறி?" என்று கேட்பார். ஆண்கள் அத்தனை பேரும் சொன்ன ஒரே பதில், "அத வூட்டுல கேளுங்கையா." பிள்ளைகளின் பிறந்த நாளைக் கேட்டாலும் இதே பதில். கடைசியில் நீலக் கொப்பியில் ஒரே வரி எழுதி மூடினார்: 'ஆண்களின் ஞாபகம் மனைவிமாரிடம் உள்ளது.'

"இந்தத் தோட்டத்தில ஆம்பிளைக்கு மறதி வந்தாலும் ஒருத்தராலயும் கண்டுபிடிக்கேலாது டீச்சர்" என்று நொந்துகொண்டார். நான் சிரித்தேன். சிரிப்பு செல்லாயி விஷயம் வரும்வரைக்கும்தான்.

செல்லாயிக்கு ஐம்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். சின்ன வயதிலிருந்தே மலைக்குப் போனவள். பத்து மணித் தேத்தண்ணிக்குப் பெண்கள் கூடைகளை ரோட்டோரம் வரிசையாக வைப்பார்கள். எது யாருடையது என்று தெரிய, கூடைக் கயிற்றில் ஆளுக்கொரு துணித்துண்டு. செல்லாயியுடையது சிவப்பு, மகளின் பழைய பாவாடையில் கிழித்தது. மாரியாயியுடையது மஞ்சள். அந்த மாதத்தில் இரண்டு தடவை செல்லாயி மஞ்சள் கூடையைத் தூக்கிக்கொண்டு, கொழுந்தை நிறுத்துக் கூலி எழுதும் நிறுவைக்குப் போய்விட்டாள். "என் கூடதானுங்க" என்று சாதித்தாள். கங்காணி "கொழுந்துக் கள்ளி" என்று கத்தினார். மலையில் ஒரு பெண்ணுக்கு அதைவிடக் கேவலமான பெயர் இல்லை. தோட்டத்து மேனேஜரான தொரையின் ஆபீசில் விசாரணை என்று நாளும் குறித்தாயிற்று.

"இது களவில்லை, வருத்தம்" என்று துள்ளினார் ஐயா. செல்லாயியையும் துணைக்கு என்னையும் பஸ்ஸில் ஏற்றி, நுவரெலியாவில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார். டாக்டர் நல்ல மனிதர். கதவு, வாழைப்பழம், குடை, ஆடு, சட்டை என்று ஐந்து சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார். செல்லாயி அதற்குள் அதைப் பாட்டாகவே கட்டிவிட்டாள்.

"கதவத் தொறந்தேன், வாழப்பழம் தின்னேன், குடையப் புடிச்சு ஆட்ட மேச்சேன், சட்ட நனையலையே!"

டாக்டர் கைதட்டாத குறை. 'ஞாபகசக்தி நன்று' என்று கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார். வருத்தமில்லை என்றால் பிறகு என்ன? களவுதான். செல்லாயியைக் காப்பாற்ற ஐயா வாங்கிய கடிதமே கங்காணிக்கு முதல் சாட்சியாகிவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை.

திரும்பும் பஸ்ஸில் ஐயா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். "சொல்லு ஞாபகத்தில பொம்பிளையள் கெட்டிக்காரியள். அந்தக் கெட்டித்தனமே வருத்தத்தை ஒளிச்சு வைக்குது. சோதினை பிழை டீச்சர், ஆள் பிழையில்லை." செல்லாயி ஜன்னலோரம் உட்கார்ந்து, "எங்கங்கையா போறோம்?" என்று நாலாவது தடவையாகக் கேட்டாள். நாலாவது தடவையும் அவர் பொறுமையாகப் பதில் சொன்னார்.

விசாரணைக்கு முன்னால் மூன்று நாள் தவணை கேட்டார். தினமும் பத்து மணிக்குத் தொரை ரோட்டோரம் வந்து நிற்க வேண்டும் என்றும் கேட்டார். அவர் தொந்தரவுக்குப் பயந்தே தொரை ஒத்துக்கொண்டார்.

முதல் நாள். பெண்கள் தேத்தண்ணி குடிக்கும்போது, டை கட்டிய மனிதர் குனிந்து மாரியாயியின் கூடையிலிருந்து கொழுந்தை அள்ளி அள்ளிச் செல்லாயியின் கூடையில் போட்டார்.

"அடக் கடவுளே, இப்ப ஐயாவே திருடுறாருங்க!" என்று மாரியாயி அலறினாள்.

"கத்தாதை பிள்ளை, பின்னேரம் திருப்பித் தருவன்!"

அன்று செல்லாயி நேராகப் போய்ச் சிவப்புத் துணிக் கூடையைத்தான் தூக்கினாள். தொரை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார். இரண்டாம் நாளும் ஐயா அதேபோல் அள்ளிப் போட்டார், அவள் சிவப்பையே தூக்கினாள். கங்காணி வாய்விட்டுச் சிரித்தார். அன்று மாலை நான், "விட்டுருங்களேன் ஐயா" என்றேன்.

"வருத்தம் எங்கட நேர அட்டவணைக்கு வராது டீச்சர். நாளைக்கும் போவம்."

மூன்றாம் நாள் செல்லாயி தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தாள். முட்ட முட்ட நிறைந்திருந்த தன் கூடையைத் தாண்டிப் போனாள். அரைக்கூடை கொழுந்தோடு கிடந்த மஞ்சள் துணிக் கூடையை எடுத்து, கயிற்றைத் தலையில் மாட்டினாள். "என்னா, இன்னிக்கு என் கூட லேசா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே நடந்தாள்.

ஐயா ரோட்டின் நடுவில் நின்று கத்தினார். "எந்தக் கள்ளி நிறைஞ்ச தன்ர கூடையை விட்டுட்டு, குறைஞ்ச மற்றவளின்ர கூடையைக் களவெடுப்பாள்? சொல்லுங்கோ!"

முதலில் அழுதது மாரியாயிதான். நிறைந்த கூடையைத் தன் தலையில் மாட்டிக்கொண்டு பின்னால் ஓடினாள். "அடியே செல்லாயி, மெதுவா போடி, நானும் வாறேன்!" தொரை விசாரணைக் கடுதாசியை அங்கேயே கிழித்தார். கங்காணி இருமினார். அவருக்கு மருந்து கொடுத்தபோது ஐயா எக்ஸ் பாடம் நடத்தவில்லை என்பதே பெரிய தண்டனைதான்.

செல்லாயி மலைக்குப் போவதை நிறுத்திய பிறகும் கூடை தூக்கும் பழக்கம் போகவில்லை. யாருடைய கூடையாவது வந்து டிஸ்பென்சரி வாசலில் இறங்கும். "ஐயாவுக்குத்தான்" என்று வைத்துவிட்டுப் போவாள். ரெட்டெக்ஸ் ஐயா ஒவ்வொரு தடவையும் அந்தக் கயிற்றைத் தன் வழுக்கைத் தலையில் மாட்டி, டை காற்றில் பறக்க, மலையேறி உரியவளிடம் கொடுத்துவிட்டு வருவார். செல்லாயி சாகும்வரை அவர் ஒரு கூடையையும் வேறு ஆளிடம் கொடுத்தனுப்பவில்லை.

மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவதால்தான் மூளை பலவீனப்படுகிறது, அதை மருந்தாகக் கொடுத்தால் பெண்களைக் காப்பாற்றலாம் என்று அவர் பெரிதாக நம்பியிருந்தார். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த சஞ்சிகை ஒன்று, வயதான பெண்களுக்கு அது உதவவில்லை, கெடுதலும் செய்தது என்று சொல்லிவிட்டது. ஐயா இரண்டு நாள் டை கட்டவில்லை. மூன்றாம் நாள் டையோடு வந்து, "அப்ப வேற இடத்தில தேடவேணும் டீச்சர்" என்று சிவப்புக் கொப்பியைத் திறந்தார்.

அவர் காலமாகிவிட்டார். எனக்கும் வயதாகிவிட்டது, எனக்கும் இரண்டு எக்ஸ்தான். நேற்று பக்கத்து வீட்டுக்காரியின் குடையை என்னுடையது என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மறதியை நினைத்துக்கூட எனக்கு அவ்வளவு பயமில்லை. என்னை ஒருவர் கள்ளி என்று சொல்கிற அன்றைக்கு, டை கட்டிக்கொண்டு ரோட்டின் நடுவில் வந்து நிற்க அவர் இல்லையே என்பதுதான் பயம்.